கரண்டு போனால் எரியாத விளக்கு

கேள்வி:

நான் ரவாங்கில் படிவம் மூன்று படிக்கிறேன். எங்களோடு பாட்டியும் இருக்கிறார். ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்து குளியலறைக்குப் போவார். சுவிட்சு கதவுக்குப் பின்னால் இருக்கிறது; கட்டிலிலிருந்து எட்டாது. மழையோடு கரண்டும் போய்விட்டால் இன்னும் சிரமம். அதனால் தொட்டால் எரியும் விளக்கு ஒன்றைச் செய்து கொடுத்தேன். ஆர்.பி.டி. (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்) பாடத்தில் எலக்ட்ரானிக்ஸ் கொஞ்சம் படித்திருக்கிறோம்.

555 ஐசி, 9 வோல்ட் பேட்டரி, வெள்ளை எல்.இ.டி. ஒன்று. ஐசியின் இரண்டாம் காலிலிருந்து ஒரு வயரை இழுத்து மைலோ டின் மூடியில் பற்றவைத்தேன். அதே காலுக்கும் பேட்டரியின் பிளஸுக்கும் நடுவில் 10 மெகா ஓம் ரெசிஸ்டர். மூடியைத் தொட்டால் பத்துப் பதினொரு விநாடி எரிந்து தானாக அணையும். மூன்று நாள் நன்றாக வேலை செய்தது. போன வாரம் பெரிய மழை, இடி, கரண்டு போய்விட்டது. பாட்டி தொட்டார், எரியவில்லை. நானும் தொட்டேன், எரியவில்லை. புது பேட்டரி மாற்றினேன், அப்போதும் எரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கரண்டு வந்தது. தொட்டேன், எரிந்தது! எனக்கு ஒன்றும் புரியவில்லை. பேட்டரியில் ஓடும் விளக்குக்கும் வீட்டுக் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

இன்னும் இரண்டு கேள்விகள். கரண்டு இருக்கும்போதே பாட்டி தொட்டால் பத்தில் மூன்று நான்கு தடவை எரிவதில்லை. "பால்மரம் வெட்டிக் காய்ச்சுப்போன கை, அதுக்கு எங்க தெரியப்போவுது" என்கிறார். அது உண்மையா? பேட்டரியும் நான்கு நாளில் தீர்ந்துவிடுகிறது. பேட்டரியே வேண்டாம், வீட்டு 240 வோல்ட்டிலேயே இணைத்துவிடலாம் என்று மாமா சொல்கிறார். செய்யலாமா?

– ஒரு மாணவர், ரவாங்

பதில்:

தம்பி, புது பேட்டரி வாங்கிய காசு வீண். உன் விளக்கு எரிவது பேட்டரியில்தான். ஆனால் அதைத் தட்டி எழுப்புவது உன் விரல் அல்ல, உங்கள் வீட்டுச் சுவருக்குள் ஓடும் 240 வோல்ட்.

எப்படி என்று சொல்கிறேன். 555 ஐசிக்குள் ஒரே மாதிரியான மூன்று ரெசிஸ்டர்கள் வரிசையாக நின்று, வருகிற வோல்டேஜை மூன்று பங்காகப் பிரிக்கின்றன. இரண்டாம் காலில் உள்ள வோல்டேஜ் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் ஐசி விழித்துக்கொள்ளும், மூன்றாம் காலில் கரண்டு வரும். உன் பேட்டரி 9 வோல்ட். ஆக இரண்டாம் கால் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். சும்மா இருக்கும்போது அந்த 10 மெகா ஓம் ரெசிஸ்டர் அதை மேலேயே பிடித்து வைத்திருக்கிறது. நீ மூடியைத் தொட்டதும் அதைக் கீழே இழுத்தது யார்? உன் உடம்புக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் நடுவில் ஒரு வயர்கூடக் கிடையாது. கரண்டு போவதற்குப் பாதை இருந்தால் திரும்புவதற்கும் பாதை வேண்டும். உன் விரலில் ஆரம்பித்த பாதை எங்கே போய் முடிகிறது?

அது காற்றில் முடிகிறது. வீட்டைச் சுற்றி ஓடும் மின்வயரும் உன் உடம்பும் ஒன்றையொன்று தொடாமலேயே மிகச் சிறிய ஒரு கெப்பாசிட்டர் ஆகிவிடுகின்றன. வயரில் உள்ள கரண்டு விநாடிக்கு 50 தடவை ஏறி இறங்குகிறது. அந்த ஆட்டத்தில் ஒரு துளி உன் உடம்பிலும் சேர்ந்து ஆடுகிறது. பழைய ஆம்ப்ளிஃபையரின் மைக் வயர் முனையை விரலால் தொட்டால் 'உம்ம்' என்று ஒரு சத்தம் வருமே, கோயில் திருவிழாவில் மைக் செட்காரர் தொட்டுப் பார்ப்பதைக் கவனித்திருப்பாய். அதே 'உம்ம்'தான் இது. 10 மெகா ஓம் என்பது மிகத் தளர்ந்த பிடி. அந்தத் துளி ஆட்டமே போதும், இரண்டாம் கால் மேலும் கீழுமாக ஆட ஆரம்பித்துவிடும். ஒரு முழு ஆட்டத்துக்கு 20 மில்லி விநாடிதான் ஆகும் என்பதால், நீ தொட்ட கண நேரத்தில் அது 3 வோல்ட்டுக்குக் கீழே ஒரு தடவையாவது இறங்கிவிடும். விளக்கும் எரியும். உன் விரல்தான் வேலை செய்கிறது என்று நமக்குத் தோன்றும்.

மழையில் லைன் போனதும் அந்த ஆட்டம் நின்றுவிட்டது. நீ தொட்டாய், உன் உடம்பிலிருந்து ஐசிக்குப் போய்ச் சேர ஒன்றுமில்லை. மின்தடைக்கென்று செய்த விளக்கு மின்தடையில் மட்டும் வேலை செய்யவில்லை. இந்தச் சர்க்யூட்டைச் செய்த பலரும் இங்கேதான் ஏமாந்திருக்கிறார்கள், நான் உட்பட. பட்டறை மேசையில் செய்து பார்க்கிறோம், தலைக்கு மேல் குழல் விளக்கு எரிகிறது, காலடியில் எக்ஸ்டென்ஷன் வயர் கிடக்கிறது. எரியாமல் எப்படி இருக்கும்?

நான் சொல்வதை நம்பாதே, சோதித்துப் பார். விளக்கை எடுத்துக்கொண்டு, மின்கம்பத்து வயர் எதுவும் பக்கத்தில் இல்லாத திடலின் நடுவுக்குப் போ. தொட்டால் எரியாது, எரிந்தாலும் நூற்றில் ஒரு தடவைதான். அங்கேயே நின்று, ஒரு கையால் பேட்டரியின் மைனஸ் முனையைத் தொட்டுக்கொண்டு மறு கையால் மூடியைத் தொடு. உடனே எரியும். இப்போது உன் உடம்பே வயராகிப் பாதையை முடித்து வைத்துவிட்டது. பயப்படாதே, 9 வோல்ட்டும் 10 மெகா ஓமும் சேர்ந்தால் உன் உடம்பு வழியாகப் போவது ஒரு மைக்ரோ ஆம்பியர் அளவுதான். அதாவது ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

அடுத்தது பாட்டி. அவருடைய கையைக் குறை சொல்லாதே, அவரையும் சொல்லவிடாதே. தொடும்போது உன் காலில் செருப்பு இருந்ததா? பாட்டி வீட்டுக்குள் வெறுங்காலோடுதானே நடப்பார்? ஈரப்பதம் நிறைந்த நம் ஊர் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்றால், உடம்பில் சேர்ந்த அந்த ஆட்டத்தின் பெரும்பகுதி கால் வழியாகத் தரைக்குள் இறங்கிவிடும். விரல் நுனிக்கு மிச்சம் வருவது குறைவு. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நீயே பத்துத் தடவை தொட்டுப் பார். உனக்கும் மூன்று நான்கு தடவை தவறும் என்றுதான் நினைக்கிறேன். காய்ச்சுப்போன கைக்கும் ஒரு பங்கு உண்டு, ஆனால் அது இந்தச் சர்க்யூட்டில் இல்லை; இனி நாம் செய்யப்போகிற சர்க்யூட்டில். அங்கே வரும்போது சொல்கிறேன்.

தீர்வு இதுதான். இரவல் வாங்கிய பாதையை விட்டுவிட்டு, சொந்தப் பாதை போட வேண்டும். ஒரு தகட்டுக்குப் பதில் இரண்டு தகடு: ஒன்று இரண்டாம் காலுக்கு, இன்னொன்று பேட்டரியின் மைனஸுக்கு. நடுவில் இரண்டு மில்லி மீட்டர் இடைவெளி. விரல் இரண்டின் மேலும் ஒரே சமயத்தில் படும்போது, விரலின் தோலே ஒரு ரெசிஸ்டராகி இரண்டாம் காலைக் கீழே இழுக்கும். வீட்டில் கரண்டு இருந்தால் என்ன, போனால் என்ன.

கூடவே ஐசியையும் மாற்றிவிடு. பேட்டரி நான்கு நாளில் தீர்வதற்கு அதுதான் காரணம். உன்னிடம் இருப்பது பழைய வகை என்.இ.555. ஹான்ஸ் காமென்சிண்ட் என்ற சுவிஸ்காரர் 1971-இல் அமெரிக்காவின் சிக்னெட்டிக்ஸ் கம்பெனிக்காக வடிவமைத்தது. 1972-இல் கடைக்கு வந்தது, இன்னும் விற்பனையில் இருக்கிறது. அருமையான ஐசி, ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். 9 வோல்ட்டில் சுமார் 5 மில்லி ஆம்பியர் இழுக்கும். 9 வோல்ட் அல்கலைன் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 500 மில்லி ஆம்பியர் மணி. ஐந்நூறை ஐந்தால் வகுத்தால் நூறு மணி நேரம், நான்கு நாள். நீ எழுதியதும் நான்கு நாள்தானே? விளக்கு ஒரு தடவைகூட எரியாவிட்டாலும் அதே நான்கு நாளில் தீர்ந்துபோயிருக்கும்.

இதே ஐசி சி-மாஸ் வகையிலும் கிடைக்கிறது. மேலே 7555 என்றோ, டி.எல்.சி.555, எல்.எம்.சி.555 என்றோ அச்சடித்திருக்கும். கால்கள் அதே இடத்தில்தான், பழையதைப் பிடுங்கிவிட்டு இதைச் செருகினால் போதும். சும்மா இருக்கும்போது இழுப்பது சுமார் 100 மைக்ரோ ஆம்பியர், வகைக்கு வகை கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். பழையதில் ஐம்பதில் ஒரு பங்கு. இன்னொரு லாபமும் உண்டு: பழைய ஐசியின் இரண்டாம் காலே ஒரு சொட்டுக் கரண்டை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். உலர்ந்த விரலால் அந்தச் சொட்டையும் சேர்த்து இழுக்க முடியாது. சி-மாஸ் வகையில் அந்தத் தொல்லை இல்லை.

ரவாங் ஹார்ட்வேர் கடைகளில் இதைக் கேட்டால் விழிப்பார்கள். கொமுட்டர் ஏறிக் கோலாலம்பூர் போய், புடு வட்டாரத்து ஜாலான் பாசாரில் தேடு. எலக்ட்ரானிக்ஸ் உதிரிகளுக்கென்றே அங்கே கடைகள் வரிசையாக இருக்கின்றன. ரெசிஸ்டரை ஒன்றிரண்டாக வாங்காதே, பத்துப் பத்தாக வாங்கு. விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது, பின்னால் உதவும்.

9 வோல்ட் பேட்டரியையும் விட்டுவிடு. விலை அதிகம், உள்ளே இருப்பது கொஞ்சம். நான்கு ஏ.ஏ. பேட்டரி போடும் பெட்டி ஒன்று வாங்கிக்கொள். 6 வோல்ட் கிடைக்கும், கொள்ளளவு 2000 மில்லி ஆம்பியர் மணிக்குக் குறையாது.

இனி இணைப்பு. ஐசியின் தலையில் ஒரு பள்ளமோ புள்ளியோ இருக்கும். அது இடப்பக்கம் இருக்கும்படி வைத்தால் கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 1, 2, 3, 4; மேல் வரிசையில் வலமிருந்து இடமாக 5, 6, 7, 8. முதல் கால் மைனஸுக்கு. எட்டும் நான்கும் பிளஸுக்கு. ஆறையும் ஏழையும் ஒன்றாகச் சேர். அந்தச் சந்திப்பிலிருந்து பிளஸுக்கு 470 கிலோ ஓம், மைனஸுக்கு 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். கெப்பாசிட்டரின் உடம்பில் வெள்ளைக்கோடு போட்ட பக்கம் மைனஸ், மாற்றி வைத்துவிடாதே. எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதை இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. இரண்டையும் பெருக்கி, அதோடு 1.1-ஐப் பெருக்கினால் விநாடிக் கணக்கு: 0.47 மெகா ஓம், 100 மைக்ரோ ஃபாரட் என்றால் சுமார் 52 விநாடி. நீ போட்டிருந்தது 100 கிலோ ஓமாக இருக்கும்; அதனால்தான் பதினொரு விநாடி. கட்டிலிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பாட்டிக்குப் பதினொரு விநாடி எங்கே போதும்? பாதி வழியில் இருட்டில் நிறுத்துவதற்கு விளக்கே இல்லாமல் இருக்கலாம். 52 விநாடியும் போதாது என்றால் 1 மெகா ஓம் போடு, ஏறக்குறைய இரண்டு நிமிடம் வரும்.

ஐந்தாம் காலிலிருந்து மைனஸுக்கு 103 என்று எழுதிய சின்னக் கெப்பாசிட்டர். ஒன்றாம் எட்டாம் கால்களுக்கு நடுவில், ஐசிக்கு ஒட்டினாற்போல் 104 என்று எழுதியது ஒன்று. பலர் இந்த இரண்டையும் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். விட்டாலும் வேலை செய்யும், பக்கத்தில் இடி விழுகிற வரை.

இரண்டாம் காலிலிருந்து பிளஸுக்கு உன்னிடம் இருக்கும் அதே 10 மெகா ஓம். இரண்டாம் காலிலிருந்து முதல் தகட்டுக்கு நேராக வயர் இழுக்காமல் 100 கிலோ ஓம் ஒன்றை வழியில் வை. நைலான் போர்வைக்குள்ளிருந்து எழும் விரலில் சில சமயம் ஸ்டேட்டிக் சேர்ந்திருக்கும். சி-மாஸ் ஐசி அந்தப் பொறியில் செத்துப்போகலாம். அந்த ரெசிஸ்டர் அதற்குக் காவல். இரண்டாவது தகடு மைனஸுக்கு.

மூன்றாம் காலில் எல்.இ.டி.யை நேராகத் தொங்கவிடாதே. சி-மாஸ் ஐசிக்குத் தள்ளும் பலம் குறைவு. நடுவில் பி.சி.547 டிரான்சிஸ்டர் ஒன்று போடு. தட்டையான முகம் உன்னைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால் இடப்பக்கம் கலெக்டர், நடுவில் பேஸ், வலப்பக்கம் எமிட்டர். கடைக்காரர் அதற்குப் பதில் 2என்3904 கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதில் எமிட்டரும் கலெக்டரும் இடம் மாறியிருக்கும். மூன்றாம் காலிலிருந்து பேஸுக்கு 4.7 கிலோ ஓம். எமிட்டர் மைனஸுக்கு. வெள்ளை எல்.இ.டி. இரண்டு எடுத்துக்கொள்; இரண்டின் குட்டைக் கால்களும் கலெக்டருக்கு, நெட்டைக் கால்கள் ஒவ்வொன்றும் தனித்தனி 150 ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பிளஸுக்கு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டு மிச்சம் பிடிக்காதே. இரண்டு எல்.இ.டி. ஒரே மாதிரி பிறப்பதில்லை. ஒன்று அதிகமாகக் குடித்துவிட்டு இன்னொன்றை மங்க விடும். நீலம் கலந்த வெள்ளை வேண்டாம், மஞ்சள் கலந்த வெள்ளை வாங்கு. நடுராத்திரியில் தூக்கக் கண்ணில் குத்தாது.

470 கிலோ, 4.7 கிலோ, பின்னால் தேவைப்படக்கூடிய 4.7 மெகா மூன்றுக்கும் முதல் இரண்டு கோடு மஞ்சள், ஊதா. மூன்றாவது கோடுதான் வித்தியாசம்: சிவப்பு என்றால் 4.7 கிலோ, மஞ்சள் என்றால் 470 கிலோ, பச்சை என்றால் 4.7 மெகா. முதலில் பிரெட்போர்டில் செருகிப் பார், பிறகு ஈயம் வை. பேட்டரி போட்டதும் யாரும் தொடாமலே ஒரு தடவை எரிந்து அணையலாம். அது பழுதில்லை, ஐசி தூக்கம் கலைகிற விதம்.

செலவுக் கணக்கைப் பார்ப்போம். எரியும்போது இரண்டு எல்.இ.டி.யும் சேர்ந்து சுமார் 36 மில்லி ஆம்பியர். 2000-ஐ 36-ஆல் வகுத்தால் 55 மணி நேரம். ஒரு தொடுதலுக்கு 52 விநாடி என்றால் மூவாயிரத்து எண்ணூறு தொடுதல். ஐசி சும்மா இருந்து குடிப்பதையும் சேர்த்தால், ராத்திரிக்கு நான்கு தடவை தொடுகிற பாட்டிக்கு ஓராண்டு தாராளமாக வரும். அதற்குள் பேட்டரி ஒழுகுகிறதா என்று இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்.

இப்போது பால்மரம் வெட்டிய கைக்கு வருவோம். இந்தப் புதுச் சர்க்யூட்டில் விரலின் தடை முக்கியம். 6 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு 2 வோல்ட். 10 மெகா ஓம் மேலே இழுக்கும்போது விரல் அதை 2 வோல்ட்டுக்குக் கீழே கொண்டுவர வேண்டுமென்றால், விரலின் தடை 5 மெகா ஓமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். உன் வயதுக்காரன் வியர்த்த விரலால் தொட்டால் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. வயதான தோல் உலர்ந்திருக்கும். வருடக்கணக்கில் கத்தி பிடித்துத் தடித்த இடமென்றால் இன்னும் அதிகம். பாட்டி சொன்னது இந்த இடத்தில் சரி. அதற்கு மருந்து சர்க்யூட்டில் இல்லை, தகட்டில்தான். படுகிற பரப்பு கூடினால் தடை குறையும். ஒற்றை விரல் நுனிக்குப் பதில் நான்கு விரலும் உள்ளங்கையும் படும்படி செய். ஒரு ஜாண் நீளப் பலகையில் பித்தளைத் தகட்டுப் பட்டை இரண்டை, சீப்பின் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைவதுபோல் வெட்டி ஒட்டலாம். அது கஷ்டமென்றால் பலகையில் வட்டத்தலைக் குத்தூசிகளை நான்கு வரிசையாகக் குத்து. ஒன்று விட்டு ஒரு வரிசையை ஒரு வயரிலும், மற்ற இரண்டை இன்னொரு வயரிலும் இணை. கையை எப்படி வைத்தாலும் இரண்டு வகை ஊசியும் படும்.

ஆனால் ஒன்று. 10 மெகா ஓம் என்ற தளர்ந்த பிடிக்கு ஒரு விலை உண்டு. நம் ஊரில் மழைக்காலத்தில் பலகையே ஈரம் குடிக்கும். இரண்டு தகட்டுக்கும் நடுவில் படியும் ஈரமும் அழுக்கும் 5 மெகா ஓமுக்குக் கீழே போனால், யாரும் தொடாமலேயே விளக்கு எரியும். மழை கொட்டுகிற நடுராத்திரியில் தானாக எரிகிற விளக்கு! அடுத்த நாளே பாட்டி மந்திரித்துத் தாயத்துக் கட்டச் சொல்லிவிடுவார். அப்படி நடந்தால் 10 மெகாவை எடுத்துவிட்டு 4.7 மெகா போடு; பிடி இறுகும், ஆனால் விரலின் தடை 2.3 மெகாவுக்குள் இருக்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் பாட்டியின் கைக்கும் உங்கள் வீட்டு ஈரத்துக்கும் ஒத்துவருவது எது என்பதை நீதான் பார்க்க வேண்டும். மரப் பலகை வேண்டாம், பிளாஸ்டிக் பலகை நல்லது. ஈயம் வைத்த பக்கத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்ததும் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு கோட் அடி. வீட்டில் கேட்டுவிட்டு எடு.

இன்னொரு விஷயம், கடைசியில்தான் எல்லாருக்கும் நினைவு வரும்: இருட்டில் தகடு எங்கே இருக்கிறது என்று பாட்டிக்கு எப்படித் தெரியும்? கோல சிலாங்கூர் கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினி பார்த்திருக்கிறாயா? படகில் போகும்போது கண்ணுக்கு எதிரே எவ்வளவு சின்ன ஒளி, ஆனால் கும்மிருட்டில் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது! அந்த அளவு போதும். பச்சை எல்.இ.டி. ஒன்றை 100 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு பேட்டரியில் நிரந்தரமாக இணைத்துத் தகட்டுக்குப் பக்கத்தில் வை. அதிக வெளிச்சம் தரும் வகையாகப் பார்த்து வாங்கு. அது இழுப்பது 40 மைக்ரோ ஆம்பியருக்கும் கீழே. வருடம் முழுக்க எரிந்தாலும் சுமார் 300 மில்லி ஆம்பியர் மணிதான். பகலில் எரிவதே தெரியாது, ராத்திரியில் பாட்டியின் கண் நேராக அங்கே போகும்.

இனி உன் மாமா சொன்னது. செய்யாதே. இதில் 'ஆனால்' ஒன்றும் கிடையாது. கடையில் விற்கிற தொடு விளக்குகளில் 240 வோல்ட்டில் ஓடுகிறவை உண்டு. அவற்றில் பலவற்றின் தகட்டுக்கும் மின்வயருக்கும் நடுவில் இருப்பது பெரிய தடையுள்ள சில ரெசிஸ்டர்கள்தான். அவற்றைச் சோதித்து, ஒன்று கெட்டாலும் இன்னொன்று காக்கும்படி செய்து, முத்திரை வாங்கி விற்கிறார்கள். வீட்டில் செய்கிறவன் ஒரு ரெசிஸ்டரை மாற்றிப் போட்டாலோ, ஈயத் துளி ஒன்று தவறி விழுந்தாலோ, வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்கும் பாட்டி கை வைக்கிற தகடு நேராக 240 வோல்ட். மின்கசிவு பிரேக்கர் (ஆர்.சி.சி.பி.) இருக்கிறதே, டிரிப் ஆகிவிடுமே என்று மாமா சொல்வார். பழைய வீட்டில் அது இருக்கிறதா, அதன் டெஸ்ட் பொத்தானைக் கடைசியாக யார் அமுக்கிப் பார்த்தார்கள் என்று அவரிடம் கேள். நம் நாட்டில் வீட்டு வயரிங்கில் கை வைக்கப் பதிவு பெற்ற வயர்மேன் வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பேட்டரி மாற்றச் சோம்பலாக இருந்தால் சிரிம் தர முத்திரை உள்ள 5 வோல்ட் போன் சார்ஜரில் ஓட்டலாம். ஆனால் அப்போது மின்தடையில் மறுபடியும் இருட்டு. முதல் கேள்விக்கே திரும்பி வந்துவிடுவோம்.

ஐசி வேலையெல்லாம் பிடிக்காதவர்களுக்கு டி.டி.பி.223 என்று ஒரு சின்னத் தொடு பலகை விற்கிறார்கள். தகடு தேவையில்லை, மெல்லிய பிளாஸ்டிக்குக்குப் பின்னால் ஒட்டினாலே விரலை உணரும். நம் கைபேசித் திரை வேலை செய்கிற அதே வழி. காய்ச்சுப்போன கை, உலர்ந்த கை என்ற பேதம் அதற்கு இல்லை. 2 முதல் 5.5 வோல்ட் வரை ஓடும், சும்மா இருக்கும்போது சில மைக்ரோ ஆம்பியர்தான். உன் நான்கு பேட்டரியின் 6 வோல்ட் அதற்கு அதிகம்; மூன்று பேட்டரியில் ஓட்ட வேண்டும். இரண்டு தகட்டு விளக்கு பாட்டியின் கைக்கு எப்படியும் ஒத்துவரவில்லை என்றால் இதற்குப் போ. முதலிலேயே போயிருந்தால் மின்தடையில் ஏன் எரியவில்லை என்ற கேள்வியே உனக்கு வந்திருக்காது, அதனால் நான் இதை முதலில் சொல்லவில்லை.

நீ ரவாங்கிலிருந்து எழுதியதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மலாயாவில் மின்சாரம் முதன்முதலில் ஓடியதாகப் பதிவாகியிருப்பது உன் ஊரில்தான், 1894-இல். கொண்டுவந்தவர்கள் இருவர்: லோக் இயூ, தம்புசாமிப் பிள்ளை. கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலையும் பத்துமலையையும் நமக்குத் தந்த அதே தம்புசாமிப் பிள்ளை. இருவரும் ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தினார்கள். குழியில் ஊறும் தண்ணீரை இறைக்கும் பம்பை மின்சாரத்தால் ஓட்டினார்கள். ஆனால் அதே ரவாங்கைச் சுற்றியிருந்த தோட்டங்களில் தொழிலாளர் லயத்துக்கு விளக்கு வர எத்தனையோ காலம் ஆனது. வந்தபோதும் பல தோட்டங்களில் அது தோட்டத்து ஜெனரேட்டர் கரண்டுதான்; சாயங்காலம் ஓடும், பத்து மணிவாக்கில் நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் விளக்கு. பாட்டியிடம் கேட்டுப் பார், விடியற்காலை இருட்டில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போன கதை அவரிடம் இருக்கும்.

உன் தொடு விளக்குக்கே திரும்புவோம். தகட்டுப் பலகையைச் சுவரில் அடிப்பதற்கு முன்னால், அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாட்டியைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, எழுந்து உட்காரச் சொல். அவர் கை தானாக எங்கே போய் ஊன்றுகிறதோ அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடு. பலகை அங்கே வரட்டும். இன்னொன்று, சோதனை செய்யும் நாளில் மெயின் சுவிட்சை அப்பாவை அணைக்கச் சொல்லிவிட்டுத் தொட்டுப் பார். எரிந்தால் எனக்கு ஒரு வரி எழுது. 10 மெகாவா 4.7 மெகாவா, எது ஒத்துவந்தது என்றும் எழுது.